வாளின் பிடி யார் கையில்?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், நண்பருடன் சேர்ந்து எடுத்த குறும்படத்தைத் தன் கைப்பேசியில் காட்டினான். டச்சுக்குடாக் கடற்கரை, சீறிவரும் மோட்டார் சைக்கிள்கள், வாளேந்திய இளைஞர், முழங்கும் இசை, வெட்டு, இரத்தம். "இதுதான் சேர் யதார்த்தம்" என்றான்.

இல்லை தம்பி, இது யதார்த்தமன்று.

இரத்தத்தைக் காட்டிவிட்டால் யதார்த்தம் ஆகிவிடுமா? அவ்வாறாயின் இறைச்சிக் கடைக்காரனே நாட்டின் தலைசிறந்த யதார்த்தவாதி! கண்ணிற் பட்டதைப் பட்டவாறு பிரதி செய்வது இயற்பண்புவாதம். அதனை ஈன்றெடுத்த சமுதாய உறவுகளைத் துலக்குவதே யதார்த்தவாதம். நமது குறும்படக்காரரோ முன்னதையும் எட்டவில்லை. தென்னிந்தியப் படங்களின் நடையையும் உடையையும் இரவல் வாங்குகின்றனர். 2006 இல் வெளிவந்த 'புதுப்பேட்டை', அடியாளை அரசியல்வாதி எவ்வாறு பயன்படுத்துகிறான் என்பதையாவது காட்டிற்று. இரவல் வாங்கியோர் அரசியலை அங்கேயே விட்டுவிட்டு அரிவாளை மட்டும் எடுத்து வந்தனர்.

யாழ்ப்பாணத்து வாள்வெட்டுக் குழுக்களே இப்படங்களின் மூலம். 2016 ஒக்டோபர் 20 ஆந் திகதி இரவு, குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து உயிரிழந்தனர். சில நாட்களில் ஆவா குழுவின் பெயரால் துண்டுப்பிரசுரம் வெளிவந்தது. அடுத்த மாதம், அக்குழு படைத்தரப்பின் துணையோடு உருவாக்கப்பட்டதென அமைச்சரவைப் பேச்சாளரே கூறினார். அக்கூற்றின் மெய்யும் பொய்யும் ஆராயத்தக்கவை. ஆயினும் நான் பார்த்த படங்களில் ஒன்றேனும் அக்கேள்வியை எழுப்பிற்றா? வாளின் முனை தெரிகிறது, பிடி தெரியவில்லை.

"இத்தகைய படங்களைத் தடைசெய்க" என்னும் பெரியோருடனும் எனக்கு உடன்பாடில்லை. 1950 இல் புனுவல் மெக்சிக்கோ நகரத் தெருச்சிறுவரைப் பற்றி 'லொஸ் ஒல்விடாடொஸ்' எடுத்தபோது, நாட்டின் மானம் போயிற்றென்று கூச்சலிட்டுச் சில நாட்களிலேயே அதனை அரங்கிலிருந்து அகற்றினர். அவ்வளவு தொலைவு செல்வானேன்? பின்னாளில் 'பொன்மணி'யை நமக்களித்த தர்மசேன பத்திராஜ, 1974 இல் 'அஹஸ் கவ்வ'வில் கொழும்பின் வேலையற்ற இளைஞரைக் காட்டினார். அங்கே வேலையின்மை வெறும் பின்னணியன்று, அதுவே கதை.

மாணவன் தன் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திய கடற்கரை எது? 2006 ஜனவரி 2 ஆந் திகதி மாலை, காந்தி சிலையருகே ஐந்து மாணவர் கொல்லப்பட்ட அதே கரை. குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புத் துறையினர் 13 பேரும் 2019 யூலையில் விடுவிக்கப்பட்டனர். அந்த மணலில் நின்றுகொண்டு, இளைஞன் கையிலுள்ள தகரவாளே நம் ஊரின் வன்முறை என்று கமரா சொல்கிறது! அவனுக்கு இதெல்லாம் தெரியாது. சொல்லிக்கொடாத ஆசிரியர்களாகிய நம்மை என்னென்பது?

வாளேந்தி நடித்தவன் யாரென வினவினேன். அவனது மைத்துனனாம். விடியுமுன் கரைவலை இழுப்பவன். கட்டார் செல்லவென முகவரிடம் பணங்கட்டி ஏமாந்தவன். அதற்குப் பட்ட கடனுக்கு வட்டி கட்டுபவன்.

"அவனை அப்படியே எடு" என்றேன்.

"முகவரையும் காட்டலாமா சேர்?"

"கட்டாயம் காட்டு."

சற்று யோசித்தான். "காட்டினால் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள்" என்றான்.

எந்த ஆட்கள் என்று கேட்டேன். அவன் கைப்பேசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.