கூட்டல் குறி எண்ணை எழுத்தாக்குமா?

ஆர்டுயினோவில் எண்ணை எழுத்துச் சரமாக மாற்ற மதுரை வட்டாரப் பயிற்சி வகுப்புகளில் பல்லாண்டாக ஓதப்படும் மந்திரம் ஒன்றுதான்: மேற்கோளுக்குள் சொல்லைப் போடு, பக்கத்தில் கூட்டல் குறி, அப்புறம் எண்; மற்றதை ஆர்டுயினோ பார்த்துக்கொள்ளும்.

ஆர்டுயினோ ஒன்றையும் பார்த்துக்கொள்வதில்லை. எழுதப்படுவது சி++. அதில் மேற்கோளுக்குள் இருக்கும் சொல் கூட்டலுக்கு வந்ததும், மெமரியில் அதன் முதல் பைட் இருக்கும் முகவரியாகிவிடுகிறது. முகவரியோடு எண்ணைக் கூட்டினால் முகவரி அத்தனை பைட் நகரும், அவ்வளவே. வைகை அணை நீர்மட்டத்தை அறிவிக்கும் கருவியில் “வைகை” + 6 என்று எழுதினால் சீரியல் மானிட்டரில் வருவது ‘வைகை6’ அல்ல, வெறும் ‘கை’. யூடிஎஃப்-8 முறையில் வகரத்துக்கு 3 பைட், ஐகாரக் குறிக்கு 3 பைட். அந்த ஆறும் போய்விட்டன. நீர்மட்டம் 66 அடி என்றால் இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்கு, முடிவைக் குறிக்கும் சுழியையும் சேர்த்து, மொத்தமே 13 பைட். முகவரி அதைத் தாண்டி எங்கோ போய் நிற்கும். அங்கே கிடக்கும் குப்பை அடுத்த சுழி வரை அச்சாகும். 66 அடிதான் வைகை அணையின் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை மட்டம். கரையோர ஊர்களுக்கு அன்றைக்குப் போகும் எஸ்எம்எஸ் அந்தக் குப்பைதான். கம்பைலர் பெரும்பாலும் வாய் திறக்காது. மந்திரம் ஓதியவர்களும் திறப்பதில்லை.

வகுப்பில் ஓடியதே என்பார்கள். ஓடியிருக்கும்: அங்கே கூட்டலின் ஒரு பக்கம் ஏற்கெனவே ‘ஸ்ட்ரிங்’ பொருளாக இருந்திருக்கும். ஒட்டியது அந்தப் பொருள். பெயர் கூட்டல் குறிக்கு.

ஒற்றை எழுத்திலும் இதே கதைதான். ஆங்கில ‘ஏ’வுடன் 1 கூட்டி ஸ்ட்ரிங்குக்குள் போட்டால் ‘பி’ வராது, ‘66’ வரும்.

தசம எண்ணுக்கு எத்தனை இடம் என்று சொல்லாவிட்டால் ஸ்ட்ரிங் இரண்டு இடத்தோடு நிறுத்தும். 68.498 அடி ‘68.50’ ஆகிவிடும்; இரண்டாம் எச்சரிக்கை மட்டம் 68.5.

எண் எழுத்தாகும் முன்பே கெட்டுப்போவதும் உண்டு. மாட்டுத்தாவணி பூச்சந்தைத் தராசில் 50 கிலோ மல்லி, கிலோ 1000 ரூபாய். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் ‘இன்ட்’ 32,767 வரைதான் தாங்கும். ஆகவே பில்லில் ‘-15536’. வாங்கியவருக்குப் பூவும் பணமும்!

அந்த ஊனோவின் ராம் 2048 பைட். நீளம் மாறும் ஸ்ட்ரிங்குகளை லூப்பில் ஓயாமல் ஒட்டினால் அது துண்டு துண்டாகும். ஈஎஸ்பி32 போர்டில் இடம் தாராளம்தான். ஆனால் ‘வைகை’ அங்கும் ‘கை’தான்.

அளவு குறித்துவைத்த கேரக்டர் அரேயும் எஸ்என்பிரிண்ட்எஃப்பும் முழு எண்களுக்குப் போதும். தசம எண்ணுக்கு அந்த ஊனோவில் எஸ்என்பிரிண்ட்எஃப் கேள்விக்குறியை அச்சிடும். அதற்கு டிடிஓஸ்டிஆர்எஃப் இருக்கிறது.