கொம்பெயார் என்றால் மட்டம் தட்டுவது அல்ல



தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் போதும், புத்தளம் முதல் கற்பிட்டி வரை வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "சாச்சாட மகனோட உன்னைக் கொம்பெயார் பண்ணிப் பாரு!"

ஆங்கிலம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் செய்வது கொம்பெயார் அல்ல.

அந்தச் சொல் லத்தீனில் இருந்து வந்தது. அதற்குள் இருக்கும் 'பார்' என்பதற்கு 'சமம்' என்று பொருள். இலக்கணப் புத்தகங்கள் இரண்டு பயன்பாட்டைச் சொல்லும். 'கொம்பெயார் டு' என்றால் ஒன்றை வேறு வகையான ஒன்றுக்கு உவமை சொல்வது. ஷேக்ஸ்பியரின் 18ஆவது சொனெட்டில் ஓர் ஆளைக் கோடைகால நாளுக்கு ஒப்பிடும் இடத்தில் வருவது இந்த 'டு'தான். 'கொம்பெயார் வித்' என்றால் ஒரே வகையான இரண்டைப் பக்கத்தில் வைத்து, ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஆராய்வது. இன்று பலர் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். அது பெரிய குற்றமில்லை. ஆனால் 'மட்டம் தட்டு' என்ற கருத்து எந்த அகராதியிலும் இல்லை.

வாப்பா கடலுக்குப் போக, படகு வரும் வரை தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையையும், மூன்று டியூசனுக்கு வேனில் போகும் பிள்ளையையும் 200 புள்ளிக்குள் வைத்து அளக்கிறீர்கள். வெட்டுப்புள்ளியே மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறதே! எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்த முடியாது என்று அரசாங்கத்துக்கே விளங்குகிறது. நமக்கு விளங்கவில்லை.

"ஒப்பிட்டாத்தான் ரோசம் வரும்" என்பார்கள். ரோசம் வரத்தான் செய்யும், பாடத்தின் மேல் அல்ல, அந்தச் சாச்சா மகன் மேல். உண்மையில் ஒப்பிட வேண்டுமா? பிள்ளையின் போன தவணைப் புள்ளியோடு இந்தத் தவணைப் புள்ளியை ஒப்பிடுங்கள். அதுதான் சரியான 'வித்'.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் விரட்டப்பட்ட நம் மக்கள் வந்து இறங்கிய மண் இது. 'ஊர்ப் பிள்ளை', 'அகதிப் பிள்ளை' என்ற ஒப்பீடு எத்தனை மனசை உடைத்தது என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே பெனர் அடிக்கும் சகோதரர்களே, முகநூலில் பட்டியல் போடும் பெற்றோரே, சித்தியடைந்த பிள்ளையைத் தாராளமாக வாழ்த்துங்கள். புள்ளியைப் போடாதீர்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு அது தராசு.