ஓசியும் ஓப்பன் சோர்ஸும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்ச ஒரு ஞாயித்துக்கிழமை. பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு சித்தப்பா வந்தார். "இதுக்கு இனிமே அப்டேட் வராதுன்னு தினமும் பயமுறுத்துதுடா. கடைக்காரன் புதுசு வாங்குங்கிறான். நீதான் லினக்ஸ் லினக்ஸ்னு சொல்லிக்கிட்டே இருப்பியே, அதைப் போட்டுக் குடு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே பதினஞ்சு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்! கல்யாண வீடு, காதுகுத்துன்னு பாக்காம லினக்ஸ் புராணம் பாடி, சொந்தக்காரங்க என்னைப் பாத்தாலே சாம்பார் வாளியோட அடுத்த பந்திக்கு நழுவுற அளவுக்குப் பேர் வாங்கினவன் நான். :-)

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சது. சித்தப்பாவோட மெஷின் பத்து வருஷத்துக்கு மேல ஆனது, விண்டோஸ் 11 அதை உள்ளயே விடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டினேன். பென் டிரைவ்ல லினக்ஸ் மின்ட் ஏத்தி இன்ஸ்டால் பண்ணேன். காபி ஆறுறதுக்குள்ள வேலை முடிஞ்சது. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், பாட்டு கேக்க விஎல்சி. சித்தப்பா அந்தக் காலத்துல தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணவர். அந்தத் தட்டச்சு விசைப்பலகையையே போட்டுக் குடுத்தேன். ரெண்டு வரி அடிச்சவர் முகத்தைப் பாக்கணுமே! நாப்பது வருஷத்துக்கு முன்னாடி பழகின விரல் எதையும் மறக்கல.

"எவ்வளவுடா ஆச்சு?"

"எஸ்எஸ்டி காசு மட்டும்தான் சித்தப்பா. மத்ததெல்லாம் ஃப்ரீ."

"திருட்டு சிடியா?"

"ஐயோ இல்ல. எழுதினவங்களே சும்மா தர்றாங்க."

சித்தப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டுச் சொன்னார்: "ஓசின்னு ஒண்ணு கிடையாதுடா. பாஸ்ல ஒருத்தன் ஏறினா அவன் காசைச் சர்க்கார் குடுக்குது. டிக்கெட் எடுக்காம ஒருத்தன் ஒளிஞ்சு போனா கார்ப்பரேஷன் தலையில விழுது. எவனோ ஒருத்தன் குடுத்துத்தான் ஆகணும். இதுக்கு யார் குடுக்குறா?"

வழக்கமா நான் ஒப்பிக்கிற பதில் கையில ரெடியா இருந்துச்சு. இது இலவசம் பத்தின விஷயம் இல்லை, சுதந்திரம் பத்தினது. 1983-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவிச்சதுல இருந்தே இதைத்தான் சொல்றாங்க. எப்படி வேணா பயன்படுத்தலாம், உள்ள பிரிச்சுப் பாத்து மாத்தலாம், நகல் எடுத்துக் குடுக்கலாம், மாத்தினதையும் ஊருக்குக் குடுக்கலாம். ஆங்கிலத்துல ரெண்டுக்கும் 'ஃப்ரீ'ன்னு ஒரே வார்த்தை, அவங்களுக்குக் குழப்பம். நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. இலவசம் வேற, கட்டற்ற மென்பொருள் வேற. எவ்வளவு அழகான மொழி பாருங்க!

ஆனா சித்தப்பா கேட்டது அது இல்லையே. டிக்கெட் யார் எடுத்தான்னுதானே கேட்டார்.

பெரிய திட்டங்களுக்குப் பதில் சுலபம். லினக்ஸ் கெர்னலை எழுதுறவங்கள்ல பெரும்பாலானவங்க கம்பெனிகள்ல சம்பளம் வாங்கிக்கிட்டு எழுதுறவங்க. கம்பெனிக்கு அது தேவை, குடுக்குறான். ஆனா அந்தக் கெர்னலைச் சுத்தி ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன கருவிகள் இருக்கே, அதுல பலதை ஒருத்தரோ ரெண்டு பேரோதான் பாத்துக்குறாங்க. பகல்ல வேற வேலை. ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு இது.

இங்கதான் நான் ஒரு பாவமன்னிப்புக் கேட்டாகணும்.

சில வருஷத்துக்கு முன்னாடி, பிடிஎஃப்ல இருந்து எழுத்துகளைப் பிரிச்செடுக்கிற ஒரு சின்ன கருவியைப் பயன்படுத்திக்கிட்டிருந்தேன். தமிழைக் குடுத்தா கொம்பும் காலும் திசைக்கு ஒண்ணா ஓடும். யூனிகோடுல 'கொ'ன்னா முதல்ல க, அதுக்குப் பின்னாடி ஒகரக் குறி. ஆனா கண்ணுக்குத் தெரியிறப்ப கொம்பு க-வுக்கு முன்னாடி வரும், கால் பின்னாடி வரும். அந்தக் கருவி கண்ணுக்குத் தெரியிற வரிசையிலயே அள்ளிக்கிட்டு வந்ததால 'கொடி' முழுசா கோணலாகும். ஒரு நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பொறுமை போயிடுச்சு. கோடிக்கணக்கான பேர் பேசுற மொழி, ரெண்டாயிரம் வருஷ இலக்கியம், இதைக்கூடச் சரியா பண்ணத் தெரியலைன்னா எதுக்கு வெளியிடுறீங்கன்னு வழு அறிக்கைங்கிற பேர்ல ஒரு மேடைப் பேச்சே எழுதி அனுப்பிட்டேன். எழுதி முடிச்சதும் என்னமோ மொழிப்போர் தியாகி மாதிரி ஒரு பெருமிதம் வேற.

ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு. ரொம்பச் சின்ன பதில். மன்னிக்கணும், எனக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாது, ஒரு மாதிரிக் கோப்பு அனுப்பி எது சரி, எது தப்புன்னு குறிச்சுக் குடுக்க முடியுமா?

அப்பதான் உறைச்சுது. அவ்வளவு வாய் கிழியப் பேசினவன் ஒரு கோப்புகூட இணைக்கல.

அனுப்பினேன். தனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாத மொழியோட கொம்பையும் காலையும் அந்த மனுஷன் மூணு வாரம் உக்காந்து நேராக்கினார். நான் என்ன செஞ்சேன்? "இப்ப சரியா இருக்கு"ன்னு ஒரு வரி. ஒரு நன்றிகூடச் சொல்லல.

இதை நான் மறந்தே போயிருந்தேன். 2024 மார்ச்சுல எக்ஸ்இசட் விவகாரம் வந்தப்பதான் திரும்ப ஞாபகம் வந்துச்சு. எக்ஸ்இசட்ங்கிறது கோப்பைச் சுருக்குற ஒரு கருவி, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ்லயும் இருக்கும். அதைப் பல வருஷமாத் தனியாளாப் பாத்துக்கிட்டவர் லாஸ்ஸி காலின். 2022-ல சிலர் அவரை அஞ்சல் குழுவுல நெருக்க ஆரம்பிச்சாங்க. ஏன் இவ்வளவு லேட், முடியலைன்னா வேற ஆள்கிட்ட குடுங்கன்னு. தனக்கு மனநலப் பிரச்சினை இருக்கு, இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலைன்னு அவரே சொல்லிப் பாத்தார். கடைசியில ஜியா டான்ங்கிற பேர்ல நல்லவன் மாதிரி உதவிக்கிட்டிருந்த ஆள்கிட்ட பொறுப்பு பகிரப்பட்டது. அந்த ஆள் உள்ள ஒரு பின்வாசல் கதவை வெச்சுட்டான். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், தன்னோட மெஷின்ல எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகுதேன்னு நோண்டப் போய்த்தான் பூதம் வெளிய வந்துச்சு. 2024 மார்ச் 29 அன்னிக்கு அதை ஊருக்குச் சொன்னார். இல்லைன்னா உலகத்துல பாதி சர்வர் திறந்து கிடந்திருக்கும்.

நெருக்கினவங்களே ஜோடிச்ச போலிப் பேர்களா இருக்கலாம்னுதான் பலரும் நினைக்கிறாங்க. அந்த மெயில்களை உக்காந்து படிச்சேன். எனக்குக் கை சில்லிட்டுப் போச்சுங்க. அதே தொனி. நான் ராத்திரி பன்னெண்டு மணிக்கு எழுதினேனே, கிட்டத்தட்ட அதே வாடை. ஒருத்தரை ஓய வைக்க அவங்க கையில எடுத்த ஆயுதத்தை, நான் சும்மா கோவத்துல வீசியிருக்கேன்.

உடனே நம்ம பிடிஎஃப் மனுஷனுக்கு ஒரு நன்றி சொல்லலாம்னு தேடிப் போனேன். பக்கத்தோட தலையிலயே அறிவிப்பு தொங்குது. இதை இனி யாரும் பராமரிக்கலை, வேணுங்கிறவங்க நகல் எடுத்துத் தொடரலாம். மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. அவர் விட்டதுக்கு நான்தான் காரணம்னு சொல்ல வரல, அவ்வளவு பெரிய ஆள் நான் இல்லை. ஆனா அந்தப் பாரத்துல என்னோட கல்லும் ஒண்ணு இருந்துச்சுல்ல?

அதனால இப்ப எனக்குத் தோணுறது இதுதான். நம்மள்ல பல பேர் கட்டற்ற மென்பொருள்னு மேடையில பேசிட்டு, மனசுக்குள்ள ஓசின்னுதான் வெச்சிருக்கோம். காசு குடுத்து வாங்கினவனைவிட அதிகாரமா கேள்வி கேக்குறோம். லைசென்ஸ் நம்மகிட்ட எதுவும் கேக்காதுதான். அதுக்காக நாம கடன்படலைன்னு ஆகிடுமா?

பெருசா ஒண்ணும் வேண்டாம். வழு சொன்னா கோப்போட, படிப்படியாச் சொல்லுங்க. தமிழ் விஷயம்னா எது சரிங்கிறதை நாமதான் காட்டணும், அவங்களுக்கு எப்படித் தெரியும்? வேலை செஞ்சா ஒரு வரி நன்றி. முடிஞ்சா வருஷத்துக்கு ஒரு பிரியாணி காசு ஏதாவது ஒரு திட்டத்துக்கு. ரெண்டு சொல் மொழிபெயர்ப்பு. அவ்வளவுதான்.

போன வாரம் சித்தப்பா போன் பண்ணார். "டேய், இந்த மெனுவுல ஒரு இடத்துல தமிழ் தப்பா இருக்குடா. யாரைப் பிடிச்சுத் திட்டணும்?"

"யாரையும் வேண்டாம் சித்தப்பா. ஞாயித்துக்கிழமை வாங்க, நீங்களே திருத்திடலாம்."

"நானா? என்னை விடுவானா?"

"விடுவான். அதுக்குத்தானே திறந்தே வெச்சிருக்கான்."

டிஸ்கி: "கிளவுட் கம்பெனிக்காரன் கோடி கோடியா சம்பாதிக்கிறானே, அவன் முதல்ல குடுக்கட்டும்"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, அவன் குடுத்தே ஆகணும். அவனைக் கேக்குற யோக்யதை வரணும்னாலும் முதல்ல நம்ம டிக்கெட்டை நாம எடுத்திருக்கணும் இல்லையா? :-)