வைஃபையே காட்டாத லேப்டாப்

பர் துபாய் காலித் பின் அல் வலீத் ரோட்டுல வாங்கின பழைய லேப்டாப்ல விண்டோஸ் 11 புதுசா போடுறீங்க. பாதியில நெட்வொர்க் கேட்டு நின்னுடும். லிஸ்ட்ல ஒரு வைஃபைகூட இருக்காது. பையனுக்குத் திங்கள் காலையில ஸ்கூல்!

கார்டு போச்சுன்னு கடைக்கு ஓடாதீங்க. பெரும்பாலும் அந்த வைஃபை சிப்புக்கான டிரைவர் இன்ஸ்டாலர்ல இல்லை, அவ்வளவுதான். டிரைவர் இறங்க நெட் வேணும், நெட் வர டிரைவர் வேணும்.

ஆண்ட்ராய்டு போனை கேபிள்ல செருகி (சில கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், பார்த்துக்கோங்க) யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. போன் வீட்டு வைஃபைல இருந்தா பொதுவா அதையே லேப்டாப்புக்குக் கொடுக்கும். இங்க டேட்டா விக்கிற விலைக்கு அது பெரிய விஷயம். அப்புறம் விண்டோஸ் அப்டேட்டை ஓட விட்டா, வைஃபை டிரைவர் பெரும்பாலும் தானா இறங்கிடும்.

ஐபோனுக்கே தனி டிரைவர் வேணும். அப்போ வேற கம்ப்யூட்டர்ல, லேப்டாப் கம்பெனி தளத்துல மாடல் நம்பர் போட்டு, டிரைவரை பென்டிரைவ்ல எடுத்துக்கணும்.