எச்சரிக்கையோடு கடமை முடிந்துவிடாது

குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் எனும் உயிருள்ள நன்மை நுண்ணுயிரிகளைக் கொடுப்பதன் ஆபத்து குறித்து, 2023 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவர்களை எச்சரித்தது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த ஒரு குழந்தை, புகட்டப்பட்ட அதே பாக்டீரியா இரத்தத்தில் புகுந்து உயிரிழந்ததே காரணம். அந்தச் சாவைச் சிறிதாக்கிப் பேச யாருக்கும் உரிமையில்லை. எச்சரித்ததில் தவறில்லை, அதற்கு முன்னும் பின்னும் நிர்வாகம் செய்யத் தவறியதையே வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எச்சரிக்கையை அடுத்து அங்கே மருத்துவமனைகளுக்கான தயாரிப்புகள் விற்பனையிலிருந்து விலகின. ஆனால், அவற்றால் தடுக்க முயன்ற குடல் அழுகல் நோய் விலகவில்லை. பால் குடித்துத் தேறிவந்த சிசுவுக்குத் திடீரென வயிறு உப்பும். சில மணி நேரத்தில் குடல் திசு செத்து ஓட்டை விழக்கூடும். அழுகிய பகுதியை வெட்டியெடுத்துப் பிழைக்கவைத்தாலும், மிஞ்சிய குடல் போதாமல் மாதக்கணக்கில் நரம்பு வழியாகவே ஊட்டம் ஏற்ற நேரலாம். தாய்ப்பாலே முதல் காப்பு. அதற்கு மேல் புரோபயாடிக்கும் கொடுத்தால் இந்நோய் ஏறக்குறைய பாதியாகக் குறையக்கூடும் என்கிறது 60 ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற மருத்துவச் சான்றாய்வு அமைப்பின் அறிக்கை. சான்று முழு உறுதியானதல்ல. மிகச் சிறிய சிசுக்களுக்குப் பலன் தெளிவாகவில்லை. பிரிட்டனில் சுமார் 1,300 குழந்தைகளிடம் ஒரே ஒரு வகை பாக்டீரியாவைச் சோதித்தபோது பலனே இல்லை. எந்த வகை, என்ன தரம், யாருக்கு என்று பார்த்துத்தான் தர வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2022-இல் கூறியிருக்கிறது.

பூஞ்சை கலந்த புரோபயாடிக் தூளால் கனெக்டிகட்டில் ஒரு சிசு இறந்தது 2014-இல். பாடம் அன்றே கிடைத்தது. உணவுப் பொருளுக்கான சட்டப் பிரிவில் விற்பதை, உலகிலேயே மிகப் பலவீனமான நோயாளிகளுக்கு மருந்தாகப் புகட்டுகிறார்கள் என்பது அன்றே தெரியும். அப்படியும் 2023 வரை, மருந்துத் தரத்தில் அங்கீகரிக்கப்பட்ட ஒரு தயாரிப்புகூட இந்தக் குழந்தைகளுக்கு வரவில்லை. இந்த ஒன்பது ஆண்டுத் தாமதத்துக்கு நிர்வாகமும் உணவு முத்திரையில் லாபம் பார்த்த நிறுவனங்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

புரோபயாடிக்கை ஆய்வு மருந்தாக விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. நள்ளிரவில் இன்குபேட்டர் அருகே நிற்கும் மருத்துவருக்கு அந்தக் காகித வழி உதவாது. தயாரிப்பின் ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதித்துத் தூய்மைச் சான்றளிக்கும் விதியை நிர்வாகம் உடனே வகுக்க வேண்டும். தரமான மருந்தை உருவாக்கப் பொது நிதி ஒதுக்கப்பட வேண்டும். அதுவரை, பெற்றோரிடம் ஆபத்தையும் பலனையும் விளக்கி, அவர்கள் சம்மதத்தோடு கண்காணிப்பில் கொடுக்க எளிய அனுமதி முறை வேண்டும்.