கதவில் எழுதிவைத்த திறவுகோல்

அலுவலகத்தின் ஒரு மூலையில் நிற்கும் அச்சுப்பொறியை நாம் கணினி என்று எண்ணுவதில்லை. தாள் தீர்ந்தால் அடுக்குகிறோம். மை தீர்ந்தால் டோனரை மாற்றுகிறோம். தாள் சிக்கிக்கொண்டால் இழுத்தெடுத்துவிட்டு இரண்டு வசைச்சொற்களை உதிர்க்கிறோம். அத்துடன் நம் உறவு முடிந்துவிடுகிறது. ஆனால் வலையமைப்பில் இணைக்கப்படும் அச்சுப்பொறி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு செயலியும் நினைவகமும் உடையது. அதனுள் ஒரு சிறு வலைவழங்கியும் இயங்குகிறது. அதே வலையமைப்பில் இருக்கும் எவரும் உலாவியில் அதன் ஐபி முகவரியை இட்டால் மேலாண்மைப் பக்கம் திறக்கும். ஸ்கேன் செய்த ஆவணம் எந்தக் கோப்புறைக்குச் செல்லவேண்டும், எந்த மின்னஞ்சல் கணக்கின் வழியே போகவேண்டும், அக்கணக்கின் கடவுச்சொல் எது என்பனவெல்லாம் அங்கேதான் பதிவாகின்றன. இவ்வளவையும் காத்துநிற்பது ஒற்றைக் கடவுச்சொல்.

அக்காவல் எத்தகையது என்பதை 2025 ஜூன் மாதத்தில் ராபிட்7 என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பிரதர் நிறுவனத்தின் அச்சுப்பொறிகளில் தொடங்கிய அவ்வாய்வு எட்டுக் குறைகளைக் கண்டறிந்தது. ஐந்து நிறுவனங்களின் 748 மாதிரிகள் அவற்றுள் ஒன்றுக்கேனும் ஆட்பட்டிருந்தன. அவற்றில் 689 பிரதருடையவை. குறைகளுள் தலையாயது இது: ஆலையில் இடப்படும் முதற்கடவுச்சொல், பொறியின் வரிசை எண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறது. கணக்கிடும் முறை தெரிந்தவருக்கு வரிசை எண்ணே திறவுகோல். இன்னொரு குறையின் காரணமாக, அவ்வெண்ணைக் கடவுச்சொல் ஏதுமின்றியே வலைவழங்கியிடம் கேட்டுப் பெறமுடிந்தது. மேலாளராக நுழைந்தவர், பொறியில் சேமித்திருந்த பிற சேவைகளின் கடவுச்சொற்களையும் எடுக்க மூன்றாவது குறை வழிவிட்டது. ஆக, அச்சுப்பொறியில் தொடங்கும் திருட்டு அலுவலகத்தின் கோப்புக் களஞ்சியம்வரை செல்லும்.

மற்ற குறைகளை நிலைபொருள் புதுப்பிப்பால் நீக்கலாம். முதற்கடவுச்சொல் குறையை மட்டும் அவ்வாறு முழுமையாக நீக்க இயலாது என்று பிரதர் நிறுவனமே தெரிவித்தது. உற்பத்தி முறையையே மாற்றவேண்டியிருந்தது. பழைய முறையில் செய்து விற்கப்பட்ட பொறிகளுக்கு உள்ள ஒரே மருந்து, வாங்கியவர் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்வது.

அப்படியானால் மாற்றாதவர்மீதன்றோ குற்றம் என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியை நாம் முற்றாகத் தள்ளவில்லை. எனினும் ஒன்றை எண்ணிப்பார்க்கவேண்டும். ஒரு கருவிக்கு ஒரு கடவுச்சொல் என்று தனித்தனியே கொடுத்து, அதை முதுகில் ஒட்டியும் அனுப்பிய நிறுவனத்தை வாங்குபவர் நம்புவது இயல்பே. பள்ளி எழுத்தரோ மருத்துவமனை வரவேற்பாளரோ அது எங்கிருந்து பிறந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. ஆராயவேண்டியவர் பூட்டைச் செய்தவர்.

சட்டம் இதைக் காணத் தொடங்கியிருக்கிறது. கருவிக்குக் கருவி வேறுபடாத முதற்கடவுச்சொல்லை நுகர்வோர் கருவிகளில் இடுவதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடைசெய்தது. தக்க குறியாக்கமின்றி வரிசை எண்ணிலிருந்து கடவுச்சொல்லைப் பிறப்பிப்பதையும் அவ்விதிகள் ஏற்பதில்லை. வேறுபட்டிருந்தால் மட்டும் போதாது, ஊகிக்கவும் இயலாததாக இருக்கவேண்டும் என்னும் இத்தெளிவு எல்லா நாடுகளுக்கும், எல்லா அலுவலகக் கருவிகளுக்கும் வேண்டும் என்பதே நம் கருத்து.

இது நேற்று முளைத்த சிக்கலன்று. 2006இலேயே லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில், ஜெராக்ஸ் பன்முகப் பொறியொன்றை அதன் வலை இடைமுகத்தின் வழியே கைப்பற்றமுடியும் என்று பிரெண்டன் ஓ'கானர் விளக்கினார். இழப்பு கற்பனையானதும் அன்று. அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அமைப்பு, வன்தட்டை அழிக்காமலே குத்தகை நகலெடுப்பான்களைத் திருப்பியளித்தது. 3,44,579 பேரின் விவரங்கள் வெளியாகியிருக்கக்கூடும் என்ற நிலை வந்தது. 2013இல் அவ்வமைப்பு 12 லட்சம் டாலருக்கு மேல் செலுத்தித் தீர்வு காணவேண்டியிருந்தது. அங்கே குறை வலைப்பக்கத்தில் இல்லை. ஆனால் மறதி ஒன்றே. அச்சிடும் பொறிக்கும் நினைவு உண்டு என்பதை அங்கும் எவரும் நினைக்கவில்லை.

நம் சம்பளச் சீட்டும் நோய்க்குறிப்பும் வழக்குத்தாளும் அந்த மூலைப் பொறியின் வழியேதான் போகின்றன. நிறுவனங்கள் திருந்தும்வரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அதன் கடவுச்சொல்லை இன்றே மாற்றலாம். நிலைபொருளைப் புதுப்பிக்கலாம். இணையத்திலிருந்து அதன் பக்கத்தை எவரும் திறக்கமுடியாதபடி அடைக்கலாம். திருப்பியளிக்குமுன் நினைவகத்தைத் துடைக்கலாம். அடுத்த பொறியை வாங்கக் கோரும் ஒப்பந்தப்புள்ளியில், நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்ற வினாவோடு முதற்கடவுச்சொல் எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்ற வினாவையும் சேர்ப்போம். வாங்குபவர் கேட்காதவரை விற்பவர் சொல்லப்போவதில்லை.