கைப்பேசி வைத்தியம்

இருமினால், சுமை தூக்கினால் சிறுநீர் கசிகிறது. அவசரம் வந்தால் அடக்க முடியவில்லை. பிள்ளை பெற்ற தாய்மார்களிடமும் வயோதிகர்களிடமும் பரவலாகக் காணப்படும் இத்தொல்லையை டாக்டரிடம் சொல்லக் கூசி, பலர் இரகசியமாகக் கைப்பேசியைக் கேட்கின்றனர்.

அங்கே நல்ல யோசனையும் உண்டு. லேகிய வியாபாரமும் உண்டு. எழுதியவர் யார், எழுதியது எப்போது என்பதே பல இடங்களில் தெரிவதில்லை. நம்பத்தகுந்த தளங்களுக்கு முத்திரையளித்து வந்த ஜெனிவா நிறுவனமும் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. நீரிழிவு, புராஸ்டேட் கோளாறு இரண்டும் இத்தொல்லைக்குக் காரணமாகலாம். இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஒலி, ஒளி வழியாக வரும் அறிவிப்பும் அச்சட்டப்படி விளம்பரமே. அதிகாரிகள் அதைக் கைப்பேசியிலும் அமல் செய்ய வேண்டும்.

தாராவியில் பொதுக் கழிப்பிடத்தை நம்பியிருக்கும் நம் பெண்களில் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கின்றனர். இது தவறு. சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். குறைக்க வேண்டியது டீயையும் காப்பியையும்தான். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை முறையாகக் கற்று, 3 மாதமாவது செய்தால் பலருக்குக் குணம் தெரியும். காசு செலவில்லை. சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், நீர்க்கட்டு இருந்தால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இவ்விவரங்களை மாநகராட்சி ஆஸ்பத்திரிகள் தமிழிலும் அச்சிட்டு வழங்க வேண்டும். கூடவே, கழிப்பிடங்களையும் பெருக்க வேண்டும். அச்சிட்ட தாளை வீடுதோறும் சேர்க்கும் பொறுப்பை இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஏற்கலாமே!